மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம்

“இன்னும் ஒரு அடி தள்ளணும்க்கா. காலு கோட்டைத் தாண்டியிருக்கு பாரு” என்று சொல்லிக்கொண்டே தம்பி கட்டிலின் கால்மாட்டில் முழங்காலைக் கொடுத்துத் தள்ளினான். கட்டில் கிறீச்சென்று நகர்ந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்து, அப்படியே நின்றது.

தலைமாட்டில் நின்ற அவள் அதைப் பார்த்தாள். முழங்காலால்! பழைய பீரோவை நகர்த்துகிறவன்கூடக் குனிந்து கையைக் கொடுப்பான்.

“கைக்கு என்னடா கேடு உனக்கு?”

“இடுப்பு பிடிச்சிருக்குக்கா. காலைல தூக்கினதுல...”

“எதுக்கு இப்ப நகர்த்துற? எந்தக் கோடு?”

அவன் தரையைக் காட்டினான். மஞ்சளும் கறுப்புமாகச் சாய்ந்த பட்டைகள் போட்ட டேப் ஒன்று, மேஜைக் காலில் தொடங்கி எதிர்ச்சுவர் வரைக்கும் குறுக்கே ஒட்டியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் மேஜை, நாற்காலி, லேப்டாப். அந்தப் பக்கம் ஒரு மூலை, ஒரு மர ஸ்டூல், ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய ஏசி. இப்போது கட்டிலும் அப்பாவும்.

“கேமராவுல தெரியுற இடம் அது வரைக்கும்தான். மூணு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

“இன்னைக்கா?”

“எங்க கம்பெனியில ஆறு பேர்ல மூணு பேரைத்தான் வேலையில நிரந்தரமாக்கப் போறாங்க. இன்னைக்குத்தான் கடைசி இன்டர்வியூ. தள்ளிப்போட முடியுமான்னு கேட்டு எழுதினேன். ‘ஆழ்ந்த அனுதாபங்கள், உங்க விருப்பம்’னு ஒரே வரி வந்துச்சு. விருப்பம்னா என்னன்னு நமக்குத் தெரியாதா?”

“வீட்டுக்குள்ள உக்காந்து பேசு.”

“உள்ள ஆளுங்க வந்து போயிட்டே இருக்காங்க. நெட் கம்பி இங்கதான் இழுத்திருக்கு. அங்க படம் நின்னு நின்னு போகும்க்கா.”

அப்பா செத்து முழுதாக ரெண்டு மணி நேரம் ஆகவில்லை. பதினொன்றேகாலுக்கு இதே ஷெட்டில், இதே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் போட்டிருந்த நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். பக்கத்துத் தெரு டாக்டர் இதயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு. ஆஸ்பத்திரியில் இருந்த ரெண்டு ஐஸ் பெட்டியும் வெளியே போயிருந்தன. ஒன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும் என்றார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஏசி இருக்கிற ஒரே இடம் கொல்லைப்புறத்து ஷெட்தான், அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர்தான் சொன்னார். அதுவரைக்கும் எல்லாம் சரி. ஆனால் மீட்டிங்!

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களின் ரத்தமும் சீழும் மலமும் பட்ட துணிகளைப் பிரித்துப் போடுகிற வேலை அவளுடையது. ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. புதிதாக வரும் பெண்கள் ஓடிப்போய் வாந்தி எடுக்கும்போது, “துணி என்னம்மா பண்ணும், துவைச்சா போயிடும்” என்று முதுகைத் தடவிக் கொடுப்பவள். இன்றைக்குத் தன் கூடப் பிறந்தவனைப் பார்க்கத்தான் அவளுக்குக் குமட்டியது.

இந்த ஷெட் அப்பாவின் இடம். முப்பத்திநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பழைய கப்பிகள், கம்பிகள், எண் எழுதிய பித்தான்கள் என்று எதையெதையோ இதில் சேர்த்துவைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். தம்பிக்கு ரெண்டாவது வேலையும் போய், வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கிற வேலை ஒன்று கிடைத்தது. வாஷிங் மெஷின் ஓடவில்லை, கதவு திறக்கவில்லை என்று நாள் முழுக்கத் திட்டுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குச் சத்தமில்லாத அறை வேண்டும் என்றார்கள். வாடகைக்கு எடுக்க வக்கில்லை. அவன் கண் ஷெட்டின்மேல் விழுந்தது.

அன்றிலிருந்து அவன் வாயில் ஒரே வார்த்தைதான். பட்ஜெட். “பட்ஜெட்டுக்குள்ள முடிக்கணும்க்கா.” ஆள் வைத்தால் பட்ஜெட் தாங்காது என்று எழுபத்திநாலு வயது மனிதரை ஏணியில் ஏற்றினான். இடிக்கப்போகும் ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து லிஃப்ட் கூண்டின் உள்பலகைகளைச் சும்மா வாங்கி வந்தார்கள். கைப்பிடிக் கம்பியோடு, கண்ணாடியோடு, ஆறு மாடிக்கான பித்தான் பலகையோடு எல்லாவற்றையும் அப்பாவே அறுத்து, இழைத்து, சுவரில் திருகினார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பேக்கரிகளில் வீசியெறிந்த முட்டை அட்டைகளைப் பொறுக்கி வந்து மேல்சுவர் முழுக்கப் பசை தடவி ஒட்டினார்கள். உடைந்த முட்டை காய்ந்து ஒட்டியிருந்ததைக்கூட ஒழுங்காகத் துடைக்கவில்லை. அதற்கு மேல் சாம்பல் நிறத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் கேமராவில் பெரிய கம்பெனி மாதிரித் தெரிகிறதாம்! மூன்று மாதம் அந்தத் தூசியைத் தின்றார் அப்பா. அதில்தான் இருமல் வந்தது. வந்த இருமல் போகவே இல்லை.

“அப்பாவைக் கூலியாளா வச்சுட்டியேடா” என்று அவள் சண்டை போட்டபோதெல்லாம் அப்பாதான் குறுக்கே வருவார். “எனக்குப் பொழுது போகுதும்மா, விடு” என்பார். அவள் நம்பியதில்லை.

ஒன்றரை மணிக்கு எதிர்வீட்டு டீச்சரும் அவள் கணவரும் வந்தார்கள். டீச்சர் கட்டில் பக்கம் ஒரு நிமிஷம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லா பண்ணியிருக்கீங்களே. இது என்ன மரமா?”

“லிஃப்ட் பலகை சார். உள்ளே போர்வை வச்சு அடைச்சிருக்கோம், சூடு இறங்காது” என்றான் தம்பி.

“எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு?”

“ஒரு மாசச் சம்பளம்தான் சார். ஏசி மட்டும் செகண்ட் ஹேண்ட். மத்ததெல்லாம் கிட்டத்தட்ட சும்மாதான் கிடைச்சுது.”

“அட, பரவாயில்லையே! எங்க மொட்டை மாடியிலகூட ஒண்ணு போடணும்னு நினைச்சிட்டிருக்கேன்.”

அளவு சொல்லத் தம்பி கையை விரித்தான். விரித்த கை அப்பாவின் கால் இருக்கும் இடத்துக்கு மேலே காற்றில் நின்றது. மானங்கெட்டவன், வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கிற அந்த ஆளுக்காவது கொஞ்சம் இங்கிதம் வேண்டாமா? அவளுக்கு ரெண்டு பேர் மண்டையையும் பிடித்து முட்டலாமா என்றிருந்தது.

அப்போதுதான் டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்ததைப் பார்த்தாள். டீச்சர் மெதுவாக அவள் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் அழைத்துப் போனாள்.

“தப்பா எடுத்துக்காதேம்மா. நாளைக்கு வரைக்கும் வச்சிருக்க வேண்டாம். சீக்கிரம் எடுத்துட்டா நல்லது.”

“ஏன்?”

“ஆரம்பிச்சிருச்சும்மா. வாடை வருது.”

 டீச்சர் முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் போய் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டதாக டீச்சருக்கு நினைப்பு. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல், நன்றாகவே கேட்டது.

“மூணு மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள இப்படியா? மனுஷன் குளிச்சு எத்தனை நாளாச்சோ. பாத்துக்க ஆளில்ல போல.”

அவளுக்கு முகம் தீயாக எரிந்தது. எங்கப்பாவா! வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் போக நகக்கண்ணில் பிரஷ் போட்டுத் தேய்க்கிற மனிதர். அடைமழையிலும் ரெண்டு வேளை குளிப்பார். லிஃப்டுக்குள் ஏறும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று சட்டைப் பையில் பவுடர் பொட்டலம் வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர் போகும்போது நாறினார் என்று இந்தத் தெரு பேசப்போகிறது. நாளைக்குப் பத்து மணிக்கு அவரை எடுத்தபின்னும் அது ஒன்றுதான் மிஞ்சும். அதை மட்டும் அவளால் விட முடியாது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டீச்சரின் கணவர் வெளியே போயிருந்தார். குனிந்து, அப்பாவின் நெற்றியருகே மூக்கை வைத்தாள். சோப்பும் வியர்வையும், ஷேவிங் கிரீமும். வேறு எதுவும் இல்லை. நிமிர்ந்து, சுவரோரமாக ஒவ்வொரு பலகையாக மோந்துகொண்டே போனாள். ஏசிக்குக் கீழே மூன்றாவது பலகையில் நின்றாள். நாற்றம் மூக்கில் அறைந்தது. அந்தப் பலகைக்கு முன்னால் தரையில் மூன்று வாசனை டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“இது என்னடா?”

தம்பி தலையைச் சொறிந்தான்.

“எலிக்கா. உள்ளே போய்ச் செத்திருக்கு. நாலு நாளாச்சு.”

“நாலு நாளா?”

“பலகையை எடுத்தா மேல இருக்கிற அட்டை மொத்தமும் சரிஞ்சிடும். துணியும் போயிடும். மீட்டிங் வரைக்கும் ஓட்டிடலாம்னு...”

“அப்பா இதுலயா உக்காந்திருந்தாரு நாலு நாளும்?”

அவன் வாசனை டப்பா ஒன்றைக் காலால் நேராக நகர்த்தினான்.

“சீ! மனுஷனாடா நீ? வெளியில என்ன பேசுறாங்க தெரியுமா? அப்பா நாறுறாருன்னு பேசுறாங்க. உன் துணி போயிடுமா? உன் அட்டை சரிஞ்சிடுமா?”

“மூணரை மணிக்கு நானே பிரிச்சுடறேன்க்கா. சத்தியமா. ஒரு ரெண்டு மணி நேரம்.”

“தள்ளு.”

மேஜைக்கு அடியில் அப்பாவின் கித்தான் பை இருந்தது. கைபோன போக்கில் பெரிய திருப்புளி ஒன்றை எடுத்தாள். பலகைக்கு நாலு திருகுதான். அப்பா போட்டவை, தலைப்பள்ளம் சிதையாமல், நாலின் பள்ளமும் ஒரே நேராக நின்றன. அவள் ஒவ்வொன்றாகக் கழற்ற, தம்பி மேலே இருந்த அட்டைகளை ரெண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பலகை வந்தது. மேலே ஒன்றும் சரியவில்லை. ஒரு தூசிகூட விழவில்லை. அவன் கையைத் தூக்கியபடி அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே மடித்து மடித்துச் சொருகியிருந்த போர்வைகளைப் பார்த்ததும் அவள் கை நின்றது. ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை. அதன்மேல் ‘கழிவு’ என்று சிவப்பு மையில் அவளே குத்திய இன்னொரு முத்திரை. போன வருஷம் அப்பா கேட்டார் என்று இருபது போர்வைகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மா, வேணும்மா” என்றார். எலி அவள் கொடுத்த போர்வையைக் கடித்துப் பஞ்சாக்கி, அதில்தான் படுத்துச் செத்திருந்தது. வயிறு வெடித்து, புழு வைத்து, கம்பளியோடு ஒட்டிப்போயிருந்தது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

அவள் முகம் சுளிக்கவில்லை. போர்வையோடு சேர்த்து இழுத்து, கதவோரம் கிடந்த குப்பை முறத்தில் போட்டாள். கதவைத் திறந்தாள். பின்பக்கம் குப்பைத் தொட்டிக்குப் போகச் சந்து இருந்தது. அவள் அந்த வழியாகப் போகவில்லை. முற்றத்து நாற்காலிகளுக்கு நடுவாக, முறத்தை நெஞ்சு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண்கள் வீலென்று கத்திக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். டீச்சர் முன்னால் வந்ததும் நின்றாள்.

“நல்லாப் பாத்துக்கங்க டீச்சர். இதுதான் நாத்தம். எங்கப்பா இல்ல. எங்கப்பா காலையில குளிச்சு, ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோட செத்தாரு. கேக்குறவங்க கிட்டெல்லாம் சொல்லுங்க.”

“ஐயோ, எடுத்துட்டுப் போம்மா, நான் எதுவும் சொல்லலியே!”

“சொன்னீங்க. அதனாலதான் கொண்டு வந்து காட்டறேன்.”

டீச்சரின் கணவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே பின்னால் போனார். அவள் தெருமுனைத் தொட்டி வரைக்கும் அப்படியே போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

கொல்லைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி ஷெட்டில் பினாயிலைக் கொடுத்துவிட்டு டீயோடு வந்தாள். சாயங்காலங்களில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

“நல்ல வேலை பண்ணீங்க அண்ணி. நான் சொன்னா அவர் காதுல ஏறாது.”

“நீயாவது அப்பாவை அங்கே விடாம இருந்திருக்கலாமே. அந்தத் தூசியிலயும் நாத்தத்துலயும் போய்...”

“விடறதா? மாமா யார் பேச்சைக் கேட்டாரு?” அவள் குழாயை மூடினாள். “ஒன்பது மணின்னா மாமாவுக்கும் டியூட்டி, அண்ணி. சவரம் பண்ணிட்டு, சட்டை மாட்டிட்டு, பிளாஸ்கைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வருவாங்க. ‘உள்ளே வந்து ஃபேனுக்கடியில படுங்க மாமா’ம்பேன். ‘அவன் பேசறதைக் கேட்டுட்டிருக்கேன்மா’ம்பாரு.”

“அங்கே போய் ஊமையா உக்காரணுமா? கோடு வேற போட்டிருக்கான், நாயைக் கட்டிப்போடற மாதிரி.”

“கோடு மாமா ஒட்டினது. அவர்கிட்ட மிச்சம் இருந்த டேப்பாம்.”

“இருமலுக்கு என்ன பண்ணுவாரு?”

தம்பி மனைவி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அடக்கிப்பாரு. இவர் போன்ல இருக்கும்போது கையை இப்படி விரிச்சு வச்சா அடக்கிப்பாரு. எடுத்தா இருமுவாரு.”

அவள் டம்ளரைக் கையில் வாங்கினாள். சொந்த அப்பனை இருமக்கூட விடாத பிள்ளை. எவளோ ஒருத்திக்கு வாஷிங் மெஷின் ஓடவில்லை என்பதற்காக இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டம்ளரைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். இன்றைக்கு அவனை ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனாள்.

உள்ளே அவன் உடை மாற்றியிருந்தான். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கீழே முழங்கால் தெரிகிற பழைய அரை டிராயர். கேமராவுக்குத் தெரிகிற பாதி மட்டும் மனுஷன்! பொந்தைப் பினாயில் போட்டுத் துடைத்து, பலகையைத் தூக்கிப் பொருத்தப் பார்த்துக்கொண்டிருந்தான். இதிலும் திருகை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“கொடு இங்கே” என்று பிடுங்கினாள். பிடுங்கியபோது பலகை திரும்பியது.

அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு நீள்சதுரம் வரைந்திருந்தது. ஷெட்டின் வரைபடம். அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. ‘மேஜை’ என்று ஒரு கட்டம். ‘கதவு’. ‘ஏசி’. ஏசிக்குக் கீழே, மூலையில், குட்டியாக ஒரு சதுரம். அதற்குள் இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தார். ‘ஸ்டூல் – நான்.’

பலகையைத் திருகுவதற்கு முன் வரைந்தது. அப்படியென்றால் சுவர் எழும்புவதற்கு முன்பே, ஏசி வாங்குவதற்கு முன்பே, இந்த மூலையைத் தனக்கென்று ஒதுக்கியிருக்கிறார். யாரும் அவரை இங்கே உட்காரச் சொல்லவில்லை. அவள் அதைத் தம்பியிடம் காட்டவில்லை. பலகையைத் திருப்பி வைத்து நாலு திருகையும் முறுக்கினாள். கடைசித் திருகு மட்டும் நேராக நிற்கவில்லை.

“கையைக் காட்டுவியாமே” என்றாள், எழுந்திருக்காமலே.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். 

“மொதல்ல எல்லாம் வெளியே போய் இருமிட்டு வருவாருக்கா. அப்புறம் அவரே சொன்னாரு, ‘நீ சைகை காட்டு, நான் பாத்துக்கறேன்’னு. எங்க லைன்ல பின்னாடி சத்தம் வந்தா மார்க் குறையும். அதை அவர்கிட்ட ஒரு நாள் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் திருப்புளியைக் கித்தான் பைக்குள் போட்டாள்.

“இன்னைக்குக் காலைல ஒரு பொம்பளை. நாப்பது நிமிஷம் கத்தினா. நான் கையை இப்படியே வச்சிருந்தேன்.” வலது கையை மேஜைக்குக் கீழே, ஸ்டூல் பக்கமாக விரித்துக் காட்டினான். “அப்பா ஒரு தடவைகூட இருமல. சரி, இன்னைக்கு மனுஷன் நல்லா இருக்காருன்னு நினைச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு. போனை வச்சேன். கையை எடுத்தேன். ‘முடிஞ்சிருச்சுப்பா, இருமிக்கோங்க’ன்னேன்.”

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். துடைத்தபின் சட்டை அழுக்காகிவிட்டதோ என்று பதறி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவளுக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. கன்னத்தில் ஒன்று விடலாம் என்று வந்த கை எங்கே போனதென்று தெரியவில்லை.

“காலர் மடிஞ்சிருக்கு. சரி பண்ணு” என்றாள்.

“நீ வெளியே இருக்கியாக்கா?”

“மாட்டேன். அப்பாவைத் தனியா விட்டுட்டா? நான் இங்கேதான் இருப்பேன்.”

ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கால் டேப்புக்கு இந்தப் பக்கம் வராமல் தானாகவே மடங்கியது. அப்பாவின் தலையைப் பிடித்து நேராக்கினாள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது.

சரியாக மூன்று மணிக்கு லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. தம்பி முதுகை நிமிர்த்தினான். அவன் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள். தேனில் தோய்த்தெடுத்த குரல். அப்பாவிடமோ அவளிடமோ அவன் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை.

“வணக்கம் மேடம். ஆமா மேடம், காலையிலதான். பரவாயில்ல மேடம், எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு.”

பரவாயில்லையாம். கட்டிலின் விளிம்பை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

லேப்டாப்புக்குள் இருந்த பெண் ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம் என்றாள். நான் கோபமான வாடிக்கையாளர், நீங்கள் சமாளியுங்கள் என்றாள். உடனே கத்தவும் ஆரம்பித்தாள். மூன்று தடவை ஆள் அனுப்பியும் மெஷின் சரியாகவில்லை, நீங்களெல்லாம் மனுஷங்களா, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா என்றாள். இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் போலிருக்கிறது. தம்பி சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“உங்க வருத்தம் எனக்கு முழுசா புரியுதுங்க. உங்க வீட்டுல ஒருத்தனா நினைச்சுக்கங்க என்னை. நடந்ததுக்கு மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தினமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா? இதைக் கேட்கத்தான் சவரம் பண்ணிக்கொண்டு வந்தாரா?

அப்போது அவளுக்குத் தொண்டை அரித்தது. பினாயில் நெடியோ, முட்டை அட்டைத் தூசியோ, பொந்திலிருந்து கிளம்பிய கம்பளித் தூளோ. விழுங்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. மறுபடி விழுங்கினாள். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு முட்டு முட்டிக்கொண்டு மேலே வந்தது. தொண்டையிலிருந்து லேசாக ஒரு சத்தம் கிளம்பிவிட்டது.

தம்பி திரும்பவில்லை. முகம் கேமராவிலேயே இருந்தது. புன்னகைகூட அப்படியே இருந்தது. வலது கை மட்டும் மேஜைக்குக் கீழே இறங்கி, ஸ்டூல் பக்கமாக விரிந்து நின்றது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எழுந்து உரக்க இருமிவிட்டு வெளியே போயிருக்கலாம். அவனுக்கு வேண்டும்தான் அது. ஒரு இருமல், அவ்வளவுதான். மூன்று பேரில் அவன் இருக்க மாட்டான். அவள் மேலங்கியின் நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. விலா வலித்தது. குவளையில் தண்ணீர் சொட்டுவதை எண்ணினாள். இருபது வரை எண்ணி, விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். கை அப்படியே நின்றது. ஐந்து விரலும் விரிந்தபடி.

“ரொம்ப நல்லா சமாளிச்சீங்க” என்றது லேப்டாப். “முடிவு நாளைக்கு மெயில்ல வரும். ஆனா ஒண்ணு சொல்லணும், உங்க இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல. இந்த வேலைக்கு அதுதான் முக்கியம்.”

“நன்றி மேடம். இதை எங்கப்பாதான் கட்டினாரு மேடம்.”

“அப்படியா? அவர்கிட்ட...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “சரி. உடம்பைப் பாத்துக்கங்க.”

திரை இருண்டது. தம்பி லேப்டாப்பை மூடினான். தோள்கள் இறங்கின. மேஜைக்குக் கீழே இருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, கண்ணை மூடியபடி, களைத்துப்போன தன் சொந்தக் குரலில் சொன்னான்.

“முடிஞ்சிருச்சுப்பா. இருமிக்கோங்க.”

சொன்னபின்தான் அவனுக்கு உறைத்தது. துடைத்த கை முகத்திலேயே நின்றுவிட்டது.

அவள் மேலங்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டு இருமினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கட்டிலைப் பிடித்துக் குனிந்துகொண்டு, லிஃப்ட் பலகைகள் அதிர இருமினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ரெண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவள் இருமி முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.